சந்தை நாள் வரை காய்கறி வாடாமலிருக்க

வாரச் சந்தைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. கணவனும் மனைவியுமாக இரண்டு சாக்குக் கத்தரிக்காயைக் கொண்டு வந்து இறக்குகிறார்கள். வியாபாரி சாக்கின் வாயைப் பிரித்து ஒரு காயை எடுத்து விரலால் அழுத்திப் பார்க்கிறார்.

"என்னங்க அண்ணே, காய் இப்படித் துவண்டு கிடக்குதே! 14 ரூபாய்க்கு மேலே போட முடியாது."

"செவ்வாய்க்கிழமை பறிச்சது தம்பி. சொத்தை ஒண்ணுகூட இல்லை. வேணும்னா கொட்டிப் பாருங்க" என்கிறார் அந்த அம்மாள்.

"சொத்தை இல்லைதான் அக்கா. மினுமினுப்பு இல்லையே. இதை நாளைக்கு எவன் வாங்குவான்?"

இருவரும் சொல்வது உண்மைதான். காயில் பழுதில்லை, ஆனால் வாட்டம் இருக்கிறது. ஆள் கிடைத்த செவ்வாயன்று பறித்துவிட்டு வியாழன் சந்தைக்குக் கொண்டு வந்தால், இடையில் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் போய்விடுகின்றன. திரும்ப எடுத்துப் போனால் மறுநாள் இந்த விலையும் கிடைக்காது என்பது விவசாயிக்குத் தெரியும். வியாபாரிக்கும் அது தெரியும். ஆகவே கேட்ட விலைக்கே காய் போய்விடுகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பறித்த அன்று 60 கிலோ இருந்த காய், சந்தையில் நிறுக்கும்போது 55 கிலோதான் தேறுகிறது. 14 ரூபாய் வீதம் கிடைப்பது 770 ரூபாய். அதே காய் வாடாமல் வந்து, எடையிலும் ஒரு கிலோ மட்டுமே குறைந்து, கிலோ 20 ரூபாய்க்குப் போயிருந்தால் 59 கிலோவுக்கு 1,180 ரூபாய் கிடைத்திருக்கும். வித்தியாசம் 410 ரூபாய். உரம், மருந்து, தண்ணீர், ஆள் கூலி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். பறித்த பிறகு நடந்த கவனக்குறைவு மட்டுமே இந்த நஷ்டத்துக்குக் காரணம்.

குளிர்பதனக் கிடங்கு சிறு விவசாயிக்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம். ஆனால் செங்கல், மணல், பானை, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டே காய்கறிகளைச் சில நாட்கள் வாடாமல் வைத்திருக்க முடியும். மின்சாரம் தேவையில்லை.

எடை எங்கே போகிறது?

கொடியிலிருந்தோ செடியிலிருந்தோ பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது தொடர்ந்து சுவாசிக்கிறது. தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்து உஷ்ணத்தை வெளியிடுகிறது. செடியில் இருக்கும்வரை வேர் தண்ணீரை அனுப்பிக் கொண்டிருந்தது. பறித்தபின் வரவு நின்றுவிட்டது. செலவு மட்டும் நடக்கிறது.

பெரும்பாலான காய்கறிகளில் நூற்றுக்கு 80 முதல் 95 பங்கு தண்ணீர்தான். வெயிலும் காற்றும் பட்டால் இந்த நீர் தோல் வழியாகவும் காம்பு வழியாகவும் ஆவியாகிப் போகிறது. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு எடை குறைந்தாலே காய் துவண்டு, தோல் சுருங்கி, பளபளப்பை இழந்துவிடும். காணாமற்போன அந்த 5 கிலோவில் பெரும்பகுதி காற்றோடு போன தண்ணீர்தான்.

உஷ்ணம் ஒவ்வொரு 10 டிகிரி சென்டிகிரேடு ஏறும்போதும் காயின் சுவாசம் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகிறது. சாக்கில் இறுகக் கட்டிய காய்கள் தாங்கள் வெளியிடும் உஷ்ணத்திலேயே புழுங்குகின்றன. மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும். அடிபட்ட இடத்தில் பூசணமும் அழுகலும் இறங்குவதும் இந்தப் புழுக்கத்தில்தான்.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. காயின் உஷ்ணத்தைத் தணிக்க வேண்டும். சுற்றிலும் ஈரக்காற்று இருக்கச் செய்ய வேண்டும். அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறிப்பதிலேயே பாதி வேலை

கிடங்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உச்சி வெயிலில் பறித்த காயை அது காப்பாற்றாது. காலையில் வெயில் ஏறுமுன் பறிப்பதே நல்லது. இரவெல்லாம் குளிர்ந்திருந்த காயில் நீர்ச்சத்து நிறைந்திருக்கும். விடியற்காலைச் சந்தைக்குப் போகும் கீரையை முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் வேரோடு பிடுங்கலாம். பனி ஈரமோ மழை ஈரமோ சொட்டச் சொட்டப் பறித்து அப்படியே அடைத்து வைத்தால் அழுகல் வரும். ஈரம் உலர்ந்த பிறகே கட்ட வேண்டும்.

கத்தரி, வெண்டை, பாகல், புடல் போன்றவற்றைக் காம்போடு வெட்டி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிடுங்கினால் தோல் கிழியும். அந்தக் காயம் வழியாகவே நீரும் போகும், அழுகலும் நுழையும். வெண்டைக்காயை உராயவிட்டால் கருத்துவிடும். தக்காளியைத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்புவதானால் அடிப்பாகத்தில் நிறம் மாறத் தொடங்கும் பருவத்திலும், உள்ளூர்ச் சந்தைக்கானால் செங்காயாகவும் பறிக்கலாம். தக்காளியில் காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்தும். ஆகவே காம்பை நீக்கிவிட வேண்டும்.

பறித்த காயைக் கூடையிலிருந்து உயரத் தூக்கிக் கொட்டக் கூடாது. வரப்பிலும் தார்ச்சாலை ஓரத்திலும் வெயிலில் குவிக்கக் கூடாது. பக்கத்தில் மரம் இல்லாவிட்டால் நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்றுப் போட்டால் போதும்.

பூச்சி மருந்து தெளித்திருந்தால், புட்டியின் மேல் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடியும்வரை பறிக்கவே கூடாது. குளிர்ச்சியில் வைத்தாலும் மருந்தின் விஷம் போய்விடாது.

நிழலில் பரப்பித் தரம் பிரித்தல்

நிழலுக்கு வந்த காயை உடனே மூட்டை கட்டாமல் ஓலைப்பாயிலோ சுத்தமான சாக்கிலோ மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வயல் சூடு தணியட்டும். இந்த நேரத்தில் தரம் பிரித்துவிடலாம்.

புழு துளைத்தது, வெடித்தது, நசுங்கியது, முற்றியது எல்லாவற்றையும் தனியே எடுத்துவிட வேண்டும். ஒரு அழுகிய தக்காளி தன்னைச் சுற்றியுள்ளவற்றையும் கெடுத்துவிடும். வீட்டுச் சமையலுக்குப் போகிற காய் வீட்டுக்குப் போகட்டும். மீதி மாட்டுக்கும் எருக்குழிக்கும். நல்ல காய்களைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்து வைத்தால் சந்தையிலும் பேச்சு குறையும்.

சாக்கைவிடத் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைகள் நல்லவை. மூங்கில் கூடையானால் உட்புறம் வைக்கோலோ பழைய துணியோ விரித்து, சிம்பு குத்தாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

எதை எங்கே வைப்பது?

எல்லாக் காய்கறிகளும் ஒரே இடத்தை விரும்புவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்த்து வைப்பதால்தான் பலருக்கு நஷ்டம் ஏற்படுகிறது.

குளிர்ச்சியும் ஈரமும் வேண்டியவை: கீரை வகைகள், கொத்தமல்லி, புதினா, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ். கேரட், பீட்ரூட், முள்ளங்கியின் தழையை நறுக்கிவிட்டு வைக்க வேண்டும். தழை கிழங்கிலுள்ள நீரை இழுத்துவிடும்.

மிதமான குளிர்ச்சியும் ஈரமும் வேண்டியவை: கத்தரி, வெண்டை, தக்காளி, பாகல், வெள்ளரி, மிளகாய், அவரை. இவற்றுக்கு அதிகக் குளிர் ஆகாது. குளிர்சாதனப் பெட்டியின் கடுங்குளிரில் பல நாள் வைத்தால் தோலில் குழி விழும். வெளியே எடுத்ததும் கருத்து அழுகும். பழுக்காத தக்காளியைக் கடுங்குளிரில் வைத்தால் பின்னர் சரியாகப் பழுக்காது. இந்தக் காய்களுக்குச் செங்கல் தொட்டியும் பானையும் தரும் மிதமான குளிர்ச்சியே ஏற்றது.

உலர்ந்த காற்றோட்டம் வேண்டியவை: வெங்காயம், பூண்டு, முற்றிய பூசணி, பரங்கி. இவற்றை ஈரத்தில் வைத்தால் முளைவிடும் அல்லது அழுகும்.

இருட்டு வேண்டியது: உருளைக்கிழங்கு. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பகுதியில் நச்சுப்பொருள் சேரும். பச்சையானதை உண்ணக் கூடாது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாகக் கொட்டி வைக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழுக்கும் தக்காளி, வாழைப்பழம், மாம்பழம் ஆகியவை எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், பாகற்காய் பழுத்து வெடிக்கும், கேரட் கசக்கும். ஆகவே பழுப்பனவற்றைத் தனியே வைப்பது நலம்.

இரண்டு பானை முறை

வீட்டுக்கு வேண்டிய காயும், கூறு கட்டி விற்கும் கொஞ்சம் காயும் வைக்க இரண்டு பானைகள் போதும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதற்கு என்ன காரணமோ அதுவேதான் இதற்கும். பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் உஷ்ணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது.

வாய் அகன்ற பெரிய பானை ஒன்று, அதற்குள் இறங்கக்கூடிய சிறிய பானை ஒன்று வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருக்கட்டும். வர்ணமோ மெருகோ பூசாத பானைகளாக இருக்க வேண்டும். பெரிய பானையின் அடியில் மணல் பரப்பி, சிறிய பானையை அதன் மேல் வைத்து, சுற்று இடைவெளியிலும் மணலை நிரப்ப வேண்டும். மணல் ஊறும்படி தண்ணீர் ஊற்றி, உள்பானைக்குள் காயை வைத்து, ஈரத்துணியால் வாயை மூடிவிட வேண்டும். காலையிலும் மாலையிலும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். பானையை மூன்று கற்களின் மேல், காற்றாடும் நிழலில் வைக்க வேண்டும். மூலையில் மூடி வைத்தால் குளிராது.

வட நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1995-ஆம் ஆண்டு முதல் இந்த முறையைக் கிராமம் கிராமமாகப் பரப்பினார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. மூன்று நாளில் கெட்டுவிடும் கத்தரிக்காய் அங்கே 27 நாள் வரை நன்றாக இருந்ததாக அறிவிக்கப்பட்டது. அது பாலைவனத்தை ஒட்டிய, மிகவும் வறண்ட காற்றுள்ள பகுதி. நம் ஊர்களில் அத்தனை நாளை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் சந்தை நாள் வரை தாங்கினாலே நமக்குப் பெரிய உதவிதான்.

செங்கல் தொட்டி

100 கிலோ அளவுக்குக் காய் வைக்க வேண்டுமானால் அதே தத்துவத்தில் செங்கல் தொட்டி கட்டலாம். புதுடெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் விஞ்ஞானிகள் எஸ்.கே.ராய், டி.எஸ்.குர்தியா ஆகியோர் இதை உருவாக்கினார்கள். மின்சாரச் செலவே இல்லாததால் 'பூஜ்ய சக்தி குளிர் அறை' என்று பெயர் பெற்றது.

கோடையில் வெளியே உள்ள உச்ச உஷ்ணத்தைவிடத் தொட்டிக்குள் 10 முதல் 15 டிகிரி வரை குறைந்திருந்ததும், உள்ளே ஈரப்பதம் நூற்றுக்கு 90 அளவில் நின்றதும் சோதனைகளில் தெரிந்தது. வெளியே இரண்டு நாள் தாங்கும் பாகற்காய் தொட்டிக்குள் 6 நாளும், 5 நாள் தாங்கும் கேரட் 12 நாளும், 7 நாள் தாங்கும் தக்காளி 15 நாளும் தாங்கியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கட்டும் முறை

மழைநீர் தேங்காத மேட்டு நிலமாக, காற்றோட்டமும் பக்கத்தில் தண்ணீர் வசதியும் உள்ள இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரையைச் சமப்படுத்தி 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, ஒரு வரிசைச் செங்கல் பரப்ப வேண்டும்.

அதன் ஓரத்தில் நான்கு பக்கமும் வெளிச்சுவர் எழுப்ப வேண்டும். 7.5 சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குல இடைவெளி விட்டு உள்சுவர் எழுப்ப வேண்டும். இரண்டு சுவர்களும் 67.5 சென்டிமீட்டர், அதாவது இரண்டேகால் அடி உயரம் இருந்தால் போதும். குனிந்து அடிவரை கையெட்டும் உயரம் இது. 400 முதல் 500 செங்கல் வரை தேவைப்படும்.

சிமெண்டுப் பூச்சு கூடாது. அழகாக இருக்கட்டும் என்று பூசிவிட்டால் நீர் கசியாது. நீர் கசியாவிட்டால் குளிராது. நன்றாகத் தண்ணீர் இழுக்கும் நாட்டுச் சூளைச் செங்கல்தான் ஏற்றது. உடையாத பழைய செங்கல் இருந்தாலும் பயன்படுத்தலாம்.

சுவர்களை நன்றாக நனைத்துவிட்டு, இடைவெளியில் ஈர மணலை நிரப்ப வேண்டும். ஏறக்குறைய 8 கன அடி மணல் பிடிக்கும். ஆற்று மணல் கிடைக்காத இடங்களில் ஓடை மணலைச் சலித்துக் கழுவிப் போடலாம். கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள உப்பு செங்கல் துளைகளை அடைத்துவிடும்.

மேலே மூடுவதற்கு மூங்கில் பிளாச்சுகளால் சட்டம் கட்டி, அதன் மேல் வைக்கோலோ காய்ந்த புல்லோ வேய்ந்துகொள்ள வேண்டும். வெட்டிவேர் கிடைத்தால் மிகவும் நல்லது. தொட்டியின் மேல் நேர் வெயில் விழாதபடி ஒரு கீற்றுக் கொட்டகை அவசியம். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும், காற்று வரவேண்டும்.

கொத்தனார் இல்லாமலே கணவனும் மனைவியும் இரண்டு நாளில் கட்டி முடித்துவிடக்கூடிய வேலைதான் இது.

தினசரிப் பராமரிப்பு

முதலில் மணலும் செங்கலும் ஊறும்வரை தண்ணீர் விட வேண்டும். பிறகு தினமும் காலை, மாலை இரு வேளையும் மணல், சுவர், மூடி ஆகியவற்றை நனைத்து வந்தால் போதும். பூவாளி வசதியாக இருக்கும். காயின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரம் காற்றில் இருக்க வேண்டுமே தவிர காயின் மேல் நிற்கக் கூடாது.

காய்களைத் துளையுள்ள கூடைகளில் அடுக்கி உள்ளே வைத்து, மெல்லிய பாலிதீன் தாளால் மேலே லேசாக மூடலாம். கூடைக்கும் சுவருக்கும் நடுவில் சிறிது இடம் விட வேண்டும். தினமும் ஒரு முறை திறந்து பார்த்து, அழுகத் தொடங்கியதை எடுத்துவிட வேண்டும். பகல் முழுவதும் அடிக்கடி திறப்பது நல்லதல்ல.

உப்புத் தண்ணீரை ஊற்றினால் செங்கல் மேல் வெள்ளை பூத்துத் துளைகள் அடைபடும்; குளிர்ச்சி குறையும். கூடியவரை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறை காயை வெளியே எடுத்த பிறகும் தொட்டியைக் கழுவி, ஒரு பகல் திறந்து போட்டு உலரவிட்டால் பூசணம் சேராது.

ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தைத் தேளும் பாம்பும் தவளையும் தேடி வரும். மூடியைத் திறந்ததும் கையை விடாமல், குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். குழந்தைகளை அனுப்பி எடுக்கச் சொல்லக் கூடாது. எலி வராமல் மூடியின் ஓரங்களில் கம்பி வலை அடிக்கலாம். பூச்சி மருந்துப் புட்டிகளைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

எங்கே பயன்படும், எங்கே படாது?

நீர் ஆவியாவதால் குளிர்வது இந்த முறை. காற்று வறண்டிருந்தால்தான் நீர் வேகமாக ஆவியாகும். ஆகவே சேலம், தர்மபுரி, கரூர், திண்டுக்கல், திருச்சி போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், மாசி முதல் ஆடி வரை நல்ல பலன் கிடைக்கும். கடலோரக் கிராமங்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவு குளிர்ச்சி வராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்குமே பலன் குறைவுதான். அந்த மாதங்களில் தண்ணீர் விடுவதைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

தம் ஊருக்கு இது ஒத்துவருமா என்று கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வெப்பமானிகளை நிழலில், காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். ஒன்றின் அடிக்குமிழில் மட்டும் ஈரத்துணியைச் சுற்ற வேண்டும். சிறிது நேரம் கழித்துப் பகல் இரண்டு மணி அளவில் இரண்டையும் பார்த்தால், ஈரத்துணி சுற்றியது குறைவாகக் காட்டும். வித்தியாசம் 8 அல்லது 10 டிகிரி இருந்தால் தாராளமாகக் கட்டலாம். 3 டிகிரிதான் என்றால் செலவு செய்ய வேண்டாம். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஈரத்துணி காட்டும் அளவுக்குக் கீழே தொட்டி குளிராது.

வெங்காயத்துக்கு வேறு வழி

சின்ன வெங்காயத்தை இந்தத் தொட்டியில் வைத்துக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு வேண்டியது பட்டறை. அறுவடைக்குச் சுமார் 10 நாள் முன்னதாகவே தண்ணீர் கட்டுவதை நிறுத்திவிட வேண்டும். தழைச்சத்து உரத்தை அதிகமாகப் போட்ட வெங்காயம் கழுத்து தடித்து, இருப்பில் சீக்கிரம் அழுகும்.

பிடுங்கிய வெங்காயத்தை அதன் தாளே மூடும்படி வரிசையாகப் போட்டு உலர்த்த வேண்டும். கழுத்து நன்றாகச் சுருங்கிய பிறகு ஓர் அங்குலம் விட்டுத் தாளை அரிய வேண்டும். ஒட்ட அரிந்தால் அந்த வாய் வழியே அழுகல் நுழையும். பட்டறையின் அடித்தளம் தரையிலிருந்து ஓரிரு அடி உயர்ந்திருக்க வேண்டும். அடியிலும் பக்கத்திலும் காற்று புகவேண்டும். கூரையிலிருந்து ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது. அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும் இருந்தால் நடுவில் புழுங்காது.

எப்போது வைக்கலாம், எப்போது விற்க வேண்டும்?

தொட்டி கட்டிவிட்டோம் என்பதற்காக எல்லாக் காயையும் எல்லா நாளும் வைத்துப் பார்க்கக் கூடாது. இன்றைக்கே நல்ல விலை இருந்தால் இன்றைக்கே விற்பதுதான் லாபம். வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் காய் கொஞ்சம் தேயத்தான் செய்யும்.

பறிக்கும் நாளுக்கும் சந்தை நாளுக்கும் இடைவெளி விழும்போதும், மாலையில் பறித்ததை விடிந்ததும் அனுப்பும்போதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்ததைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றும்போதும், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பும் வைத்திருப்பது பலன் தரும். உழவர் சந்தையில் கடை போடுகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதிலிருந்து, இடைத்தரகர் இல்லாமல் தம் காயைத் தாமே விற்க விவசாயிகளுக்கு வழி பிறந்தது. ஆனால் அன்று விற்காமல் மீந்த காயை மறுநாள் வரை காப்பாற்றினால்தான் அந்த வாய்ப்பின் முழுப் பலனும் கையில் சேரும்.

ஊரெல்லாம் தக்காளி குவிந்து விலை விழுந்து கிடக்கும் காலத்தில் தொட்டியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அந்த வீழ்ச்சி வாரக்கணக்கில் நீடிக்கலாம். தொட்டி தருவது சில நாட்களே. அதற்குப் பரிகாரம், எல்லோரும் ஒரே சமயத்தில் நாற்று விடாமல் பட்டம் பிரித்து நடுவதுதான்.

மீதியானால்

இவ்வளவுக்கும் பிறகு மீந்த காயை வீணாக்க வேண்டியதில்லை. கத்தரியையும் கொத்தவரையையும் பாகலையும் உப்புநீரில் ஒரு கொதி விட்டு, வெயிலில் காயவைத்தால் வற்றலாகும். மிளகாயை மோரில் ஊறவைத்து உலர்த்தலாம். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் இப்படித்தான் நம் வீடுகளில் பல மாதம் இருக்கின்றன. நன்றாகக் காய்ந்து, கையால் ஒடித்தால் ஒடிகிற பதத்தில் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் மழைக்காலத்துக்குக் குழம்பாகும். மகளிர் குழுக்கள் சேர்ந்து செய்தால் விற்பனைக்கும் ஆகும்.

தொட்டி கட்ட யோசிப்பவர்கள் முதலில் பானை முறையைச் சோதித்துப் பார்க்கலாம். இந்த வாரம் பறிக்கும் காயில் இரண்டு கிலோவைச் சரியாக நிறுத்து, ஒரு கிலோவைப் பானையிலும் ஒரு கிலோவை வெளியே கூடையிலும் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் இரண்டையும் எடுத்து நிறுத்துப் பார்க்கட்டும். எடை எவ்வளவு மிஞ்சியது, காய் எப்படி இருக்கிறது என்பதை அந்தத் தராசே சொல்லிவிடும். பலன் தெரிந்தபின் செங்கலுக்குச் செலவு செய்யலாம்.

பாடுபட்டு விளைவித்த காய்க்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் "வாடிப் போச்சே" என்ற சொல்லால் விலை குறையாமல் பார்த்துக்கொள்வது விவசாயியின் கையில்தான் இருக்கிறது. வாடாத காயைக் கொண்டு வந்தவர், "இந்த விலை கட்டாதுங்க, அடுத்த சந்தைக்குப் பார்த்துக்கறேன்" என்று கூடையைத் தூக்கவும் முடியும். அந்தத் தைரியத்துக்கு இரண்டு பானையும் கொஞ்சம் மணலும், தினம் இரு வேளை ஊற்றும் தண்ணீரும் போதும்.